விதையில்லாத் தர்ப்பூசணி: 33 குரோமோசோம் எப்படிப் பாதியாகும்?

கேள்வி:
சாதாரணத் தர்ப்பூசணிக்கு 22 குரோமோசோம், இனச்செல்லில் (முட்டை, மகரந்தம்) 11. இதுவரை புரிகிறது. விதையில்லாத ரகத்துக்கு 33 என்கிறார்கள். ஒற்றைப்படை எண் எப்படிப் பாதியாகும்? பழத்தில் விதையே இல்லையென்றால் கடையில் விற்கும் விதை எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
அந்த விதையை ஒவ்வொரு முறையும் இரண்டு வகைச் செடிகளைப் புதிதாகக் கலப்பு செய்துதான் எடுக்கிறார்கள். தாய், 44 குரோமோசோம் உள்ள நான்மடியச் செடி (வகைக்கு நான்கு). தந்தை, 22 உள்ள இருமடியச் செடி (வகைக்கு இரண்டு). முட்டையில் 22, மகரந்தத்தில் 11, சேர்ந்தால் 33. தாயையும் தந்தையையும் மாற்றிப் போட்டால் முளைக்கிற விதை கிடைக்காது. ஜப்பானின் கிஹரா ஹிதோஷி இந்த முறையை 1951-ல் விளக்கி எழுதினார்.

33 என்றால் 11 வகை, வகைக்கு மூன்று. இனச்செல் உருவாகும் குன்றல் பகுப்பில் மூன்றில் இரண்டு ஒரு முனைக்கும் ஒன்று மறுமுனைக்கும் போகும். எந்த முனைக்கு இரண்டு என்பதை ஒவ்வொரு வகையும் தனித்தனியே முடிவு செய்கிறது. 11 வகையும் ஒரே பக்கம் சாய்ந்து, சரியாக 11 அல்லது 22 அமையும் வாய்ப்பு 1024-ல் ஒன்று. மற்ற இனச்செல்களில் சில வகை ஒன்று, சில வகை இரண்டு என்று தாறுமாறாக இருக்கும், கரு உருவாகாது. பழத்தில் தெரியும் மெல்லிய வெள்ளைத் தோல்கள் அப்படி நின்றுபோன சூல்கள்தான்.

பதில் 2:
பயிரிடுவோர் கவனிக்க: 33 உள்ள மும்மடியச் செடியின் மகரந்தம் உதவாது, ஆனால் காய் பிடிக்க மகரந்தத் தூண்டல் வேண்டும். இரண்டு மூன்று வரிசைக்கு ஒரு வரிசை இருமடிய ரகம் நடுங்கள். தோல் கோடு வேறாக இருக்கும் ரகமாகப் பாருங்கள், அறுவடையில் கலக்காது. மும்மடிய விதையின் தோல் தடிப்பு, முளைக்க 28–32 டிகிரி வெப்பம் வேண்டும், ஈரம் மிகுந்தால் அழுகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வாழையும் இப்படித்தானா? 44 எப்படி வருகிறது?

பதில் 3:
பூவன், ரஸ்தாளி இரண்டும் 33தான். ஆனால் வாழைக்கு மகரந்தமே தேவையில்லை, காய் தானாகப் பருக்கும். பக்கக்கன்றை நட்டால் போதும்.

44-க்கு, 22 உள்ள நாற்றின் வித்திலை (முதலில் விரியும் இலை) விரிந்ததும் குருத்தில் 0.2% கோல்ச்சிசின் என்ற மருந்தைச் சொட்டு விடுவார்கள். குரோமோசோம்களை இரு பக்கம் இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் உருவாகாததால் இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். கடும் நஞ்சு, கையுறை கட்டாயம். பலரும் சறுக்குவது, இரட்டித்ததா என்ற பரிசோதனையில். மருந்து படாத வேரை எண்ணினால் 22தான் வரும். இலைத்துளையைச் சூழ்ந்த காப்புச் செல்லில் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள நுண்பகுதி) கூடியிருப்பது இரட்டிப்பின் அறிகுறி என்றாலும், குருத்தின் மேலடுக்கு மட்டும் இரட்டித்திருக்கலாம். இனச்செல் அடுத்த அடுக்கிலிருந்து வருவது. அதனால் அந்தச் செடியில் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, கிடைத்த விதையை முளைக்கவைத்து, அதன் வேர்நுனியில் 44 எண்ணிய பிறகே தாயாக வைக்க வேண்டும்.