அலுமினியம் எம்சிஎம்-41: 1545 பீக் வரவே இல்லை, அவசரம்

தேவனாம்பட்டினம்_அலை (ஞாயிறு, இரவு 11.40)
அலுமினியம் சேர்த்த எம்சிஎம்-41 (சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த சிலிக்கா) செய்திருக்கிறேன். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் வைத்து அமைப்பைப் பார்க்கும் சோதனை) சுத்தமாக இருக்கிறது, மெத்திலீன் ப்ளூ சாயத்தை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் பிரிடின் என்ற காரத்தை விட்டு ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால், பிரான்ஸ்டட் அமிலத்தை (ஹைட்ரஜன் அயனி தருவது) காட்டும் 1545 cm⁻¹-இல் ஒன்றுமே இல்லை, 1445 பக்கம் மட்டும் பெரிய பீக். அமோனியா டிபிடியிலும் (அமோனியாவை ஏற்றி, சூடாக்கும்போது வெளியேறுவதை அளப்பது) 150 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேடு, அதோடு சரி. புதன்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். அமிலத்தன்மை எங்கே போனது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

உப்பளம்வாசி
எந்த அலுமினிய உப்பு? சிலிக்கான், அலுமினியம் விகிதம் எவ்வளவு? பிரிடின் விடும் முன் எத்தனை டிகிரியில் வாக்குவம் போட்டீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ஈரக்காற்று
பெயரில் தேவனாம்பட்டினம் இருக்கிறதே, கடலூரா? அப்படியானால் ஈரம்தான், வேறெதுவும் இல்லை. நான் புதுச்சேரியில் மூன்று வருடம் இதோடு மல்லுக்கட்டியவன். டெசிக்கேட்டரை (ஈரம் புகாத ஜாடி) திறந்து மூடுவதற்குள் சிலிக்கா தண்ணீரைப் பிடித்துவிடும். 1640 பக்கம் தண்ணீரின் மேடு இருக்கிறதா பாருங்கள். 300 டிகிரியில் ராத்திரி முழுக்க வாக்குவத்தில் வையுங்கள், பீக் தானாக வரும்.

மூத்தகுடுவை
முதலில் 'உறிஞ்சுகிறது' என்று எழுதுவதை நிறுத்து தம்பி. ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல். பரப்பில் ஒட்டினால் அது பரப்புக் கவர்தல். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இது. அடிப்படையே இல்லாமல் டிபிடி வரைக்கும் வந்துவிடுகிறார்கள். அப்புறம், ஈரம் போய் உட்காருவது பெரும்பாலும் லூயிஸ் அமில இடத்தில் (எலக்ட்ரான் ஜோடியை ஏற்கும் இடம்). அதனால் பிரான்ஸ்டட் கூடினாலும் கூடுமே தவிர 1545 அடியோடு காணாமல் போகாது.

கெடிலக்கரை
ஐயா, எங்கள் வகுப்பில் 'பரப்புக் கவர்ச்சி' என்று சொன்ன நாளில் அரை மணி நேரம் பாடமே நடக்கவில்லை. லேபில் எல்லாரும் அட்சார்ப்ஷன் என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மூத்தகுடுவை
அதனால்தான் ஆய்வேட்டைத் தமிழில் எழுத ஆள் இல்லை.

ஈரக்காற்று
தமிழை அப்புறம் பார்க்கலாம். நான் சொன்னது ஐஆர் அறையின் ஈரத்தையும் சேர்த்து.

தேவனாம்பட்டினம்_அலை
தம்பி இல்லை ஐயா, தங்கச்சி. சோடியம் அலுமினேட் போட்டேன். 550 டிகிரியில் கால்சைன் செய்தேன் (சூளையில் சுட்டேன்). ஐஆருக்குப் பொட்டாசியம் புரோமைடு கலந்து அழுத்திய பெல்லட். கடைசிக் கழுவல் போர் தண்ணீர், டிஸ்டில்டு தீர்ந்துவிட்டது. இதெல்லாம் முக்கியமா?

உப்பளம்வாசி
இதுதான் முக்கியமே! எம்சிஎம்-41-இன் சுவரில் அலுமினியம் நுழைந்தால் அந்த இடத்தில் ஒரு எதிர்மின்சுமை வரும். அதைச் சமன் செய்ய ஹைட்ரஜன் அயனி இருந்தால்தான் பிரான்ஸ்டட் அமிலம். நீங்கள் போட்டது சோடியம் அலுமினேட், அதனால் அங்கே சோடியம் உட்கார்ந்திருக்கிறது, போதாததற்குப் போர் தண்ணீரின் கால்சியமும். கால்சைன் செய்தால் சோடியம் ஆவியாகாது. சாயம் நன்றாகப் பிடித்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும். மெத்திலீன் ப்ளூ நேர்மின்சுமை உள்ளது, சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், அதை வைத்து அமிலம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

1445-ஐ லூயிஸ் என்று எழுதிவிடாதீர்கள். சிலனாலோடு (சிலிக்கா பரப்பிலுள்ள Si-OH) ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கும் பிரிடினும் அங்கேதான் வரும், 1596-இல் துணைக்கு ஒன்று இருக்கும். சோடியத்தில் ஒட்டிய பிரிடினும் அதே பக்கம்தான். 150 டிகிரியில் வாக்குவம் போட்டு மறுபடி எடுங்கள், சிலனாலில் இருப்பது கழன்றுவிடும். லூயிஸ் என்றால் 1450, 1620 இரண்டும் நிற்கும். பெல்லட் வேண்டாம், அதிலுள்ள பொட்டாசியமே உங்கள் ஹைட்ரஜனை மாற்றிவிட வாய்ப்புண்டு. தூளை மட்டும் அழுத்தி மெல்லிய வில்லையாக எடுங்கள்.

கெடிலக்கரை
அக்கா, டிபிடி மேட்டையும் நம்பாதீர்கள். அமோனியா விட்டபின் 100 டிகிரியில் ஹீலியம் ஓட்டினீர்களா? இல்லையென்றால் சும்மா ஒட்டியிருந்த அமோனியாதான் அந்த மேடு. தவிர, டிபிடி அமிலத்தின் பலத்தைக் காட்டுமே ஒழிய பிரான்ஸ்டடா லூயிஸா என்று பிரித்துச் சொல்லாது.

உப்பளம்வாசி
1 மோலார் அம்மோனியம் நைட்ரேட்டில் மூன்று தடவை கலக்கி, டிஸ்டில்டில் மட்டும் கழுவி, 500-இல் கால்சைன் செய்யுங்கள். சோடியத்தின் இடத்துக்கு வந்த அம்மோனியத்திலிருந்து அம்மோனியா போய்விடும், ஹைட்ரஜன் நிற்கும். கொதிக்க வைக்காதீர்கள், எம்சிஎம்-41-க்குச் சுவர் மெல்லியது, சூடான தண்ணீரில் இடிந்துவிடும்.

மூத்தகுடுவை
இதை நான் முதலிலேயே கேட்டிருப்பேன். ஜியோலைட் (ஒழுங்கான படிகச் சுவர் உள்ள அலுமினோசிலிக்கேட்) மாதிரி வானளவு பீக் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதே அம்மா. இது ஒழுங்கற்ற சுவர், அமிலம் மிதமாகத்தான் இருக்கும்.

ஈரக்காற்று
300 டிகிரி வாக்குவத்தையும் சேர்த்துச் செய்யுங்கள்.

தேவனாம்பட்டினம்_அலை (எட்டு நாள் கழித்து)
1545 வந்தது, சின்னதாக. 1445 பாதியாகக் குறைந்தது. கைடு அடுத்த வாரம் வரச் சொன்னார். நன்றி அண்ணா.

உப்பளம்வாசி
மகிழ்ச்சி. விகிதம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை!