இரண்டு வாளித் தண்ணீரில் துணி நாப்பியாம்!

வேளச்சேரி அப்பா:
நேற்று இங்கே ஒரு அம்மையார் எழுதியிருந்தார்: "துணி நாப்பிக்குத் தண்ணீர் அதிகம் செலவாகும் என்பது கட்டுக்கதை. நாளுக்கு இரண்டு வாளி போதும்." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான்கு மாதக் குழந்தை, ஒரு நாளைக்குப் பத்து நாப்பி, துவைப்பது நான். மலம் பட்டதைக் குழாயடியில் அலசவே ஒரு வாளி போய்விடுகிறது. பிறகு ஊறல், சோப்பு, மூன்று அலசல். எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர். இரண்டு வாளியில் எப்படி என்று விளக்குபவர் காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

மணப்பாறை மருமகள்:
அந்த அம்மையார் நான்தான். வயதைக் கூட்டியதற்கு நன்றி, எனக்கு 29. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அதுவும் எளிது. சோப்புக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி. கூட்டிப் பாருங்கள், இரண்டு.

வேளச்சேரி அப்பா:
செம்புத் தண்ணீர் கணக்கில் வராதா? அது என்ன தீர்த்தமா?

உறையூர் பாட்டி:
தம்பி, நான் மூன்று பிள்ளை வளர்த்தவள். எங்கள் காலத்தில் நாப்பி ஏது? பழைய மல் வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்து இடுப்பில் கட்டுவோம். பட்டன் கிடையாது, பிளாஸ்டிக் உறை கிடையாது. இரண்டு வாளி என்ன, ஒன்றரை வாளியில் முடித்திருக்கிறேன்.

வேளச்சேரி அப்பா:
எங்கே துவைத்தீர்கள் பாட்டி?

உறையூர் பாட்டி:
உய்யக்கொண்டான் வாய்க்காலில்.

வேளச்சேரி அப்பா:
வாய்க்காலையே வாளி என்று கணக்கிட்டால் ஒன்றரை போதும்தான்.

புது உறுப்பினர்:
வணக்கம். ஒரு சந்தேகம். வாளி என்றால் எத்தனை லிட்டர்?

உறையூர் பாட்டி:
வாய்க்காலில் அலசல் மட்டும்தான். சோப்புப் போட்டது வீட்டில். அந்த ஒன்றரை வாளியைத்தான் சொன்னேன். சொல்வதைப் படிக்காமல் கேலி பேசுவது இந்தத் தம்பிக்குப் புதிதல்ல. சென்ற மாதம் கிரைப் வாட்டர் விவாதத்திலும் என்னிடம் இப்படித்தான் வாய் கொடுத்தார்.

கோவை குமரன்:
எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. எங்களுக்குச் சிறுவாணி. கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கும், ஒரே அலசலில் போய்விடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினாலும் நுரைக்காது. உப்பு துணியில் படிந்து அட்டை மாதிரி விறைக்கும், ஈரம் உறிஞ்சாது. சென்னைக்காரர் அழுவதில் வியப்பில்லை.

வேளச்சேரி அப்பா:
சிறுவாணியைக் குடித்துவிட்டுப் பெருமை பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு கிடந்தபோது நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்றோம். அந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன்: இரண்டு வாளி எப்படி?

நிம்மதி விரும்பி:
நான் டயப்பர் கட்சி. இரவு தூங்குகிறேன். 2008இல் இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட அறிக்கையில், இரண்டரை ஆண்டுக்கு டயப்பருக்கு 550 கிலோ கரியமில வாயு, துணிக்கு 570 என்று கணக்கிட்டிருந்தார்கள். துணிக்காரர்கள் இதையும் அலசிக் காயப்போடலாம்.

மணப்பாறை மருமகள்:
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். எப்படித் துவைக்கிறோம், எப்படிக் காயவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த 570 ஏறும், இறங்கும் என்றும், அடுத்த குழந்தைக்கும் அதே துணி என்றால் இன்னும் குறையும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 2023இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட ஆய்வில் துணிதான் 25 சதவீதம் குறைவு. அவர்கள் டிரையரில் உலர்த்துகிறார்கள், நமக்கு மொட்டை மாடி இருக்கிறது. கறையையும் வெயிலே வெளுத்துவிடும்.

வேளச்சேரி அப்பா:
அந்த ஆய்வில் இரண்டு வாளி என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நிம்மதி விரும்பி:
அதானே!

உறையூர் பாட்டி:
தூங்குகிறவர் தூங்கட்டும். அந்த டயப்பரை எங்கே போடுகிறீர்கள்? தனியாகப் பொதிந்து தர வேண்டும் என்று 2016 முதல் விதியே இருக்கிறது. எங்கள் தெருத் தொட்டியில் நாய் இழுத்துப் போட்டதைக் காலையில் பார்த்தேன். உள்ளே இருக்கும் பொடி ஈரத்தில் கூழாகி வழிகிறது.

நிம்மதி விரும்பி:
உங்கள் தெரு நாய்க்கு நான் பொறுப்பல்ல. என் வீடு மதுரையில்.

புது உறுப்பினர்:
மறுபடியும் கேட்கிறேன், மன்னிக்கவும். பெயிண்ட் வாளியா, குளியலறை வாளியா?

மணப்பாறை மருமகள்:
இன்னொன்று. வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நூலின் மேல் படலமாகப் படிந்து ஈரத்தைத் தள்ளிவிடும். அதைப் போக்க நான்கு முறை அலசிவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று இங்கே வந்து புலம்புவார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

வேளச்சேரி அப்பா:
என்னைத்தான் சொல்கிறீர்கள். ஒரே ஒருமுறை ஊற்றினேன். அதுவும் என் மாமியார் சொல்லி.

உறையூர் பாட்டி:
மாமியாரை ஏன் இழுக்கிறீர்கள்? பேத்தி துணி மணக்கட்டும் என்று நினைத்திருப்பார். அவர் மட்டும் இங்கே எழுதினால் உங்கள் கணக்கு வெளுத்துவிடும். பனிரண்டு துணியை வெந்நீர் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தால் கறை, கிருமி, நாற்றம் மூன்றும் போகும். தண்ணீரும் மிச்சம்.

கோவை குமரன்:
பாட்டி, மல் துணியைக் கொதிக்கவைக்கலாம். இப்போது வருகிற நாப்பியின் மேலுறையில் ஈரம் கசியாத படலம் உண்டு. அண்டாவில் போட்டால் அது உரிந்து போகும். கறைத் துணியை அலசாமல் நேரே வெந்நீரில் போட்டால் கறையும் இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர்.

உறையூர் பாட்டி:
படலமே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சிறுவாணி குடித்தால் காதும் அடைத்துக்கொள்ளுமா?

கோவை குமரன்:
சிறுவாணியைப் பற்றி இன்னொரு சொல் வந்தால் நடப்பதே வேறு.

வேளச்சேரி அப்பா:
எல்லோரும் அண்டா, நாய், சிறுவாணி என்று போய்விட்டீர்கள். என் கேள்வி அங்கேயே நிற்கிறது. பத்து நாப்பி, இரண்டு வாளி. எப்படி?

மணப்பாறை மருமகள்:
அலசிய தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றுகிறேன். அதைச் செலவு என்று சேர்க்க மாட்டேன். ஆகவே உண்மையில் ஒரு வாளிதான்.

வேளச்சேரி அப்பா:
நேற்று இரண்டு, இன்று ஒன்று. நாளைக்குக் குழந்தையே தண்ணீர் தரும் என்பீர்கள்.

உறையூர் பாட்டி:
தருகிறதே, ஒரு நாளைக்குப் பத்து முறை.

வேளச்சேரி அப்பா:
சரி. நாளைக் காலையில் துவைக்கும்போது அளந்து இங்கேயே எழுதுகிறேன். அதன் பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

உறையூர் பாட்டி:
எழுதுங்கள். எத்தனை வந்தாலும் நான் ஒன்றரை என்றுதான் சொல்வேன். கை அப்படி.

புது உறுப்பினர்:
எந்த வாளியில் அளப்பீர்கள் ஐயா?