1931 மாடல் ஏ, 1965 மஸ்டாங்: பிரேக் பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இரண்டும் ஃபோர்டுதான், ஆனால் பிரேக்கில் ஒற்றுமையே இல்லை.

மாடல் ஏ-வில் பிரேக் ஆயில் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் இரும்பு ராடுதான். ராடுகளை இணைக்கும் கிளெவிஸ் பின் தேய்ந்தால் மிதி பாதி தூரம் வீணாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ராடைச் சுருக்கிச் சமாளிப்பது தப்பு. பின்னை மாற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் அட்ஜஸ்டரைத் திருப்பினால்தான் நான்கும் சமமாகப் பிடிக்கும்.

மஸ்டாங் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது; ஆனால் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்கே ஒரு குழாய் உடைந்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். உயிர் விஷயம் இது. அதனால் 1967 மாடலின் இரட்டை அறை சிலிண்டரை மாட்டலாம் என்றிருக்கிறேன்.

நான்கும் டிரம் உள்ள வண்டிக்கு சிலிண்டரின் எந்த போர் (உள்விட்டம்) அளவு சரி? முன், பின் குழாய்களை எந்த இடத்தில் பிரித்தீர்கள்? மிதியிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் பழைய புஷ்ராடின் நீளம் ஒத்துவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.