சூப்பர்வைசர் மேல் புகார் கொடுத்த பெண்ணுக்கு நெருக்கடி, என்ன செய்யலாம்?

கேள்வி: பனியன் கம்பெனி டெய்லர் ஒருத்தங்க, சூப்பர்வைசர் மேல் உள்ளகக் குழுவில் (கம்பெனிக்குள்ளேயே பாலியல் புகார்களை விசாரிக்கிற குழு) பாலியல் தொல்லைப் புகார் கொடுத்து இரண்டு வாரம் ஆகுது. இப்போ "பீஸ் (தைச்ச எண்ணிக்கை) குறைவு"ன்னு அதே ஆள் தினமும் ரிப்போர்ட் எழுதுறார். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்கிறாங்க.

பதில் 1: கையெழுத்து போடவே கூடாது. அந்தத் தாள்தான் பிறகு ராஜினாமாவா மாறும். கேட்ட அன்றைக்கே, "வேலையை விடும் எண்ணம் இல்லை, வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டார்கள்" என்று தேதியோடு எழுதி நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பணும். ரசீது முக்கியம்.

பதில் 2: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 12-வது பிரிவில் இடைக்கால நிவாரணம் இருக்கு. விசாரணை முடியும்வரை அந்த ஆளையோ இவங்களையோ இடமாற்றலாம். மூன்று மாதம் வரை கூடுதல் லீவும் உண்டு. இவங்களுக்குத் தேவை, அதே ஆண்டு விதிகளில் 8-வது விதி. அதன்படி, புகாருக்கு ஆளானவர் இவங்க வேலையைப் பற்றி ரிப்போர்ட் எழுதாமல் தடுத்து, அதை வேறு அதிகாரியிடம் கொடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். ஆனா எழுத்தில் கேட்டால்தான். வாயால் சொல்லிட்டுக் காத்திருந்தா ஒண்ணும் நடக்காது.

பதில் 3: குழுவிடம் எழுத்தில் கொடுக்கிற அந்த மனுவோடு புகாருக்கு முந்தைய மூன்று மாத பீஸ் கணக்கையும் சேருங்க. லைன், மாடல், மெஷின் மாறின தேதியும் வேணும். கஷ்டமான மாடலைக் கொடுத்துட்டு "குறைவு"ன்னு எழுதுறது பழைய வழி. வேலை போயிடும்னு மிரட்டினா அதையும் குழுவிடம் எழுதிக் கொடுங்க, அதே சட்டத்தின் 3-வது பிரிவே அப்படி மிரட்டுறதையும் பாலியல் தொல்லையில் சேர்க்குது. விசாரணைக்குக் கெடு 90 நாள்.