காசு கேட்கும்போது மட்டும் ஏன் தொண்டை அடைக்கிறது?

நொய்யல்கரை
14 வருடம் எச்.ஆர். வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் விட்டேன், இப்போது கோச், அதாவது வேலையிலோ வாழ்க்கையிலோ முடிவெடுக்கத் திணறுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி உதவுகிற வேலை. (அம்மாவிடம் சொன்னபோது "எந்த கோச்சிங் சென்டர், நீட்டா டிஎன்பிஎஸ்சியா?" என்று கேட்டார், அது தனிக் கதை.) 60 மணி நேரப் பயிற்சி முடித்தாகிவிட்டது, தெரிந்தவர்களுக்கு இலவசமாக 40 மணி நேரம் செய்தும் இருக்கிறேன், எல்லோரும் நல்லா இருந்தது என்றுதான் சொன்னார்கள். போன வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் வந்தார், அப்பா வயது. உட்கார்ந்ததும் "ஏனுங்க அம்மிணி, நிட்டிங் மிஷின் பக்கம் போயிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எனக்கு என்னத்தச் சொல்லிக்கொடுப்பீங்க?" அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. கிளம்பும்போது ஃபீஸ் எவ்வளவு என்று அவரே கேட்டும், முதல் தடவைதானே, பரவாயில்லைங்க என்று அனுப்பிவிட்டேன். ஊருக்குத் தன்னம்பிக்கை சொல்லப் போகிற எனக்கே அது இல்லை. என்ன செய்வது?

உச்சிவெயில்
மேடம், சிக்கல் உங்கள் ரேட்டில் இருக்கிறது. சும்மா கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று "ஒரு செஷன் பத்தாயிரம்" என்று நூறு தடவை சொல்லிப் பாருங்கள், வாய் பழகிவிடும். ஆள் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இடுப்பில் கைவைத்து நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள், உடம்பில் ஹார்மோனே மாறும், ஆராய்ச்சி இருக்கிறது. உங்களுக்கு இருப்பது இம்போஸ்டர் சிண்ட்ரோம், தகுதி இருந்தும் தன்னை ஏமாற்றுக்காரியாக நினைப்பது, அவ்வளவுதான். தைரியம் இருக்கிற மாதிரி நடிங்கள், நாலு மாதத்தில் நிஜமாகவே வந்துவிடும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கணக்குப்பிள்ளை
அந்த நெஞ்சு நிமிர்த்தும் ஆராய்ச்சி 2010-ல் 42 பேரை வைத்துச் செய்தது. 2015-ல் வேறு குழு 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது, கம்பீரமாக உணர்ந்தோம் என்று ஆட்கள் சொன்னார்கள், ஹார்மோன் அசையவில்லை. 2016-ல் அந்த 2010 கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர்க்காரரே, இந்த விளைவு உண்மை என்று நான் இப்போது நம்பவில்லை என எழுதிவிட்டார். இன்னும் இதை விற்றுக்கொண்டிருக்கிறீர்களே.

இம்போஸ்டரும் அப்படித்தான். 1978-ல் கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதியது, பட்டமும் பதவியும் வாங்கி ஊரே ஒப்புக்கொண்ட பிறகும் தங்களை ஏமாற்றுக்காரிகளாக நினைத்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி. நொய்யல்கரைக்கு அந்த நிலை இல்லை. அவர் இந்தத் தொழிலுக்குப் புதுசு, புதுசாக இருப்பவருக்குப் பயம் வருவதற்கு ஒரு நோய்ப் பெயர் எதற்கு?

எனக்குக் கோச்சிங் மேலேயே சந்தேகம் உண்டு, மறைக்கவில்லை. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். கோச் என்று போட்டுக்கொள்ள இந்த நாட்டில் ஒரு சட்டமும் கிடையாது, விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். அதனால்தான் கோச்சுகளுக்கே தன்னம்பிக்கை விற்கிற கோச்சுகள் தெருவுக்குத் தெரு கிளம்பிவிட்டார்கள். பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் இல்லாமல் பத்தாயிரம் கேட்கக் கூச்சம் வருகிறது என்றால் மனசாட்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

உச்சிவெயில்
உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் எவனும் கடையே திறக்க முடியாது அண்ணா.

செம்பருத்தி
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரு கணக்கு. ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பு தரும் சான்றிதழில் முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியோடு 100 மணி நேரம் கோச்சிங் அனுபவம் காட்ட வேண்டும், அதில் 75 மணி நேரமாவது காசு வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். ஆக, நொய்யல்கரை, உங்கள் 40 இலவச மணியில் 25-தான் கணக்கில் ஏறும், மீதி 15 தர்மம். எவ்வளவு வாங்க வேண்டும் என்று விதி இல்லை, நூறு ரூபாயும் காசுதான், பண்டமாற்றுகூட ஒத்துக்கொள்வார்கள். என் ஆரம்ப காலத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் மாதம் ஒரு மூட்டை தேங்காய் இறக்கினார், ஆறு மாதம் வீட்டில் சட்னிக்குக் குறையே இல்லை. பத்தாயிரம் கேட்டு நடுங்குவதை விட, உங்கள் வாயில் நிற்கிற தொகையைச் சொல்லி வாங்குங்கள், அடுத்த ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

நிட்டிங் மிஷின் கேள்விக்கு வருகிறேன். ஜான் விட்மோர் என்று ஒருவர், 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயத்தில் ஜெயித்தவர், பிற்பாடு கோச்சிங்கில் பெரிய பெயர். அவர் ஒரு கதை சொல்வார். டென்னிஸ் சொல்லிக்கொடுக்க ஆள் பற்றாமல் போனபோது, பனிச்சறுக்கு கோச்சுகளுக்கு டென்னிஸ் உடை மாட்டி, மட்டையால் ஆடிக்காட்ட முயலக் கூடாது என்று சொல்லி இறக்கினார்களாம். அவர்களும் டென்னிஸ் கோச்சுகளுக்குக் குறையாமல் செய்தார்கள் என்கிறார். ஆடத் தெரியாததால் திருத்த முடியவில்லை, பந்து எங்கே விழுகிறது, கை எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும்தான் முடிந்தது.

கணக்குப்பிள்ளை
கதை அழகு. சொன்னவர் அந்தத் தொழிலை விற்றவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். டென்னிஸ் பழக வந்தவர் தோற்றால் போய் ஜூஸ் குடிப்பார். திருப்பூர்க்காரர் சனிக்கிழமை ஆனால் சம்பளம் போட வேண்டும், நூல் விலை ஏறினால் ராத்திரி தூக்கம் போய்விடும். அவரிடம் "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எழுந்து போய்விடுவார், போகத்தான் வேண்டும்.

செம்பருத்தி
இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜாப் வொர்க் என்றால் என்ன, துணி வாங்கும் பையரின் பணம் எத்தனை நாளில் வரும் என்றுகூடத் தெரியாமல் போய் உட்காருவது மரியாதை இல்லை, ஒரு நாள் செலவழித்தால் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நிட்டிங்கில் அவருக்கு அட்வைஸ் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதற்கு அவர் வரவில்லை. "துணி உங்களுக்குத் தெரியும், அதில் நான் வாய் திறக்க மாட்டேன், நீங்கள் ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிற ஒரு முடிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். நொய்யல்கரை "இல்லை" என்று சொன்னதில் தப்பே கிடையாது, அதோடு நிறுத்தியதுதான் தப்பு. எனக்கு தைரியம் வந்தது இந்த இடத்தில்தான், என் வேலை எதுவரைக்கும் என்று தெரிந்த பிறகு. சொன்னால் சிரிப்பீர்கள், ஒருவர் தூக்கமே வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று அழுதபோது, இது என் வேலை இல்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லிக் கூடவே போனேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை ஒரு தொழில்காரியாக நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை
சிரிக்கவில்லை. இதைப் பாடத்தில் வையுங்கள், நானே காசு கட்டிப் படிக்கிறேன். உளவியலாளர் பந்தூரா 1977-லேயே எழுதினார், என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஊற்று தானே செய்து முடித்த காரியம், அடுத்தவர் தட்டிக்கொடுப்பது அதற்கு ரொம்பப் பின்னால்தான். கண்ணாடி நம் முதுகைக்கூடத் தட்டாது.

உச்சிவெயில்
சரி, ஹார்மோனை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆரம்பிக்கிற அன்றைக்கு ஒருவர் கையில் செய்து முடித்த காரியம் எங்கிருந்து வரும்? அந்த முதல் பத்துப் பேரைத் தாண்ட நடிப்புதான் உதவியது, எனக்கு. இதில் மாற்றமில்லை.

நொய்யல்கரை
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அவருக்கு ஃபோன் செய்தேன். செம்பருத்தி அக்கா எழுதியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துத்தான் படித்தேன். ஃபீஸ் 1500 என்றும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எனக்கு வேண்டாமுங்க, என் பையனை அனுப்பட்டுமா, அவனுக்குத்தான் வேணும்" என்றார்.

கணக்குப்பிள்ளை
பையனுக்கு வேண்டுமா என்று பையனிடம் யாராவது கேட்டார்களா?

நொய்யல்கரை
அதையேதான் அவரிடம் கேட்டேன். நம்பர் கொடுத்திருக்கிறார், சாயங்காலம் பையனிடமே பேசுகிறேன். 1500 சொல்லும்போது குரல் நடுங்கியது, அவருக்குக் கட்டாயம் கேட்டிருக்கும்.