பொருள்: "மிக்ஸ்", "கிராஸ்ஃபேட்" இரண்டுக்கும் தமிழ்

க. (மதுரை) எழுதியது

குழுவினர்க்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து பாட்டை ஒன்றோடொன்று இழையவிட்டு, எழுபது நிமிடக் கோப்பாக்கி, இசைப்பித்துப் பிடித்த நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் இங்கே பலர் உண்டு. ஒரே வரிசையில் நாகசுரம், கானா, எத்தியோப்பிய ஜாஸ், கீறல் விழுந்த 78 சுற்று இசைத்தட்டு எல்லாம் வரும். அதற்கொரு செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதப் போனால் முதல் வரியிலேயே முட்டுகிறது.

"மிக்ஸ்" என்பதைக் "கலவை" என்று எழுதினால், பட டைட்டிலில் வரும் "ஒலிக்கலவை"யோடு மோதுகிறது. ஒலிக்கலவை என்பது குரல், வயலின், தபலா என்று தனித்தனித் தடங்களின் அளவைச் சரிக்கட்டி ஒரு பாட்டாக்கும் வேலை. நாம் செய்வது முடிந்த பாட்டுகளை வரிசை கட்டி ஒட்டும் வேலை. ஒரே குறிப்பில் இரண்டும் வருவதால் வேறு சொல் இல்லாமல் தீராது.

என் முன்வைப்பு: மிக்ஸ் = இசைக்கோவை. கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு குறையக் குறைய அடுத்தது கூடுவது) = குறுக்கு மங்கல். பாட்டு மாறும் இடத்தைக் காட்டும் கியூ பாயிண்ட் = குறிப்புப் புள்ளி.

வெட்டுங்கள், ஒட்டுங்கள்.

க.

மு. (தஞ்சாவூர்) எழுதியது

> கிராஸ்ஃபேட் = குறுக்கு மங்கல்

தம்பி, இதில் குறுக்கே போவது எது? திரையில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது கண்ணுக்குத்தான் தெரியும். காதுக்குக் கேட்பது ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும். "மங்கல்" வேறு ஒளிக்கும் நிறத்துக்கும் உரியது. சாயம் மங்கும், பார்வை மங்கும்; ஓசை மங்கியது என்று யாரும் சொல்வதில்லை. ஓசை தேயும். "தேய்ந்த குரல்" நாம் அன்றாடம் சொல்வதுதான்.

ஆகவே ஃபேட் அவுட் = தேய்வு, ஃபேட் இன் = வளர்வு. தேய்பிறை, வளர்பிறை அறிந்தவருக்கு விளக்கம் வேண்டாம். இரண்டும் வினையாகவும் நிற்கும்: "பாட்டைத் தேயவிடு", "மெல்ல வளரவிடு". வினையாக ஓடாத கலைச்சொல் அகராதியில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

"இசைக்கோவை" கூடாது. இசையமைப்பாளர் வாத்தியங்களைக் கோப்பதற்கு "இசைக்கோவை", "இசைக்கோர்ப்பு" என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். பலவகைப் பூவைச் சேர்த்துக் கட்டினால் கதம்பம். வானொலியிலும் பத்திரிகையிலும் பலவற்றைச் சேர்த்துத் தருவதற்கு அந்தச் சொல் பழகியும் இருக்கிறது. "பாட்டுக்கதம்பம்" என்றால் போதும், இடம் தெரிந்தபின் வெறும் "கதம்பம்". கலம்பகம் என்றொரு சொல்லும் உண்டு. ஆனால் நந்திக் கலம்பகம் தொடங்கி அது உறுப்புகள் வகுத்த சிற்றிலக்கியத்தின் பெயர், அதை இதற்கு இழுக்க வேண்டாம்.

யாராவது "தொடுப்பு" என்று தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: இணையத்தில் அது லிங்க், ஊரில் அதற்கு வேறு பொருள். "கைமாற்று"ம் ஆகாது, அது கடன்.

மு.

ச. (யாழ்ப்பாணம்) எழுதியது

மு. ஐயாவின் தேய்வு, வளர்வு எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் கிராஸ்ஃபேட் என்பது அவ்விரண்டின் வெறும் கூட்டல் இல்லை. சொல் வைக்கமுன் அது எப்படி வேலை செய்யுதென்று பார்க்கவேணும்.

பத்து செக்கன் மேற்கவிவு (இரண்டு பாட்டும் சேர்ந்து ஒலிக்கிற நேரம்) என்று வைப்போம். பழைய பாட்டின் அளவு 1இல் இருந்து 0க்கு நேர்கோட்டில் இறங்குது, புதியது 0இல் இருந்து 1க்கு ஏறுது. ஐந்தாவது செக்கனில் இரண்டும் 0.5. கூட்டினால் 1 தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு வேறு பாட்டுகளின் அலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, அவற்றின் ஆற்றல்தான் கூடும்: 0.25 + 0.25 = 0.5, அதாவது 3 டெசிபல் குறைவு. நடுவில் பாட்டு ஒருமுறை பள்ளத்தில் விழுந்து எழும்பும். வீட்டில் செய்த மிக்ஸ்களில் அதிகம் கேட்கிற பிழை இதுதான், செய்தவரோ ஒலிபெருக்கியையும் பிளேயரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்து சைன், கோசைன் வளைவு. நடுவில் இரண்டும் 0.707, ஆற்றல் 0.5 + 0.5 = 1. பள்ளம் இல்லை. ஆனால் ஒரே பாட்டின் இரண்டு துண்டுகளை ஒட்டும்போது, உதாரணமாகச் சரணத்தில் ஒன்றைக் குறைக்கும்போது, அலைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினால் இதே வளைவு 0.707 + 0.707 = 1.414 ஆகி 3 டெசிபல் மேடு போடும். அந்த இடத்தில் நேர்கோடுதான் சரி.

ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு தடத்தையும் மேற்கவிய வைத்து, இரண்டிலும் அந்தப் பகுதியைத் தெரிந்து, "கிராஸ்ஃபேட் டிராக்ஸ்" கொடுத்தால் முதலில் கேட்பதே இந்தக் கேள்வி: கான்ஸ்டன்ட் கெயினா (நேர்கோடு), கான்ஸ்டன்ட் பவரா (வளைவு)? எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி நிரலில் இதே வேலையைச் செய்கிற ஏகிராஸ்ஃபேட் ஒன்றும் கேட்காது, சொல்லாவிட்டால் நேர்கோட்டையே எடுக்கும். ஆகவே எங்கள் சொல் இந்த அடைமொழிகளைத் தாங்கவேணும். என் முன்வைப்பு: தேய்வளர்வு. அதில் இரண்டு வகை: சமவீச்சுத் தேய்வளர்வு (நேர்கோடு), சமவாற்றல் தேய்வளர்வு (வளைவு).

இன்னொன்று. ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் 12 செக்கன் வரை தானாகவே இது நடக்கும். அது எல்லாப் பாட்டுக்கும் ஒரே நீளம் போடும். பல்லவிக்கு முன் வருகிற புல்லாங்குழலை விழுங்கிவிடும். அதை "தானியங்கித் தேய்வளர்வு" என்று பிரித்துச் சொல்லலாம்.

ச.

லே. (சென்னை) எழுதியது

"தேய்வளர்வு" வாயில் கொஞ்சம் கனக்கிறது, ஆனால் கேட்டவுடன் புரிகிறது. "இழைவு" என்பதையும் பரிசீலிக்கலாமா? மடல் தொடரையும் "இழை" என்கிறோம், இரண்டும் குழம்பும் என்று மு. ஐயா எதிர்ப்பார். ஆனால் இசைக்காரர்கள் "சுருதியோடு இழைகிறது" என்பார்கள். தேய்வளர்வு எந்திரம் செய்வது. அதன் பயனாகக் காதில் நிகழ்வது இழைவு. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வளைவு சரியாக இருந்தும் இழையாத இடங்கள்தான் அதிகம். காரணம் சுருதி.

சுருதியின் உயரத்தைக் கட்டையால் சொல்வோம்: ஹார்மோனியத்தில் 1 கட்டையிலிருந்து வெள்ளைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. 2 கட்டை நாகசுரம் முடிந்து 5½ கட்டைப் பெண்குரல் தொடங்குகிறது என்றால், இரண்டு ஸட்ஜத்துக்கும் (ஆதார சுரம்) இடையே ஆறு அரைச்சுரம். நாகசுரத்தின் ஒத்தும் (விடாமல் சுருதி ஒலிக்கும் துணைக்குழல்) அந்த அம்மாவின் தம்பூராவும் பிரதிமத்திம தூரத்தில் நின்று பத்து நொடி சண்டை போடும். அதே நாகசுரம் 2½ கட்டை என்றால் தூரம் சுத்தமத்திமம், 2 கட்டையிலிருந்து 6 கட்டை என்றால் பஞ்சமம். இருபது நொடி மேற்கவிவும் தாங்கும். அரைக் கட்டைதான் வித்தியாசம்.

ஆகவே வரிசை கட்டும்போதே ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் கட்டையை எழுதிக்கொள்ளுங்கள். கேசட்டிலிருந்து எடுத்ததை நம்பாதீர்கள். டெக் 3 விழுக்காடு வேகமாக ஓடினாலே ஏறத்தாழ அரைக் கட்டையில் பாதி ஏறியிருக்கும், எந்தக் கட்டையிலும் உட்காராது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தை டியூனர் செயலியில் பார்த்து, முதலில் வேகத்தைத் திருத்திவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஓர் அரைச்சுரம் ஏற்ற 5.95 விழுக்காடு வேகம் கூட்ட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் குரல் பொம்மைக்குரல் ஆகிவிடும்.

இந்த வகைக் கதம்பத்தின் ருசியே ராகத் தொடர்பில்தான் இருக்கிறது. எத்தியோப்பியாவின் மேஜர் திசித்தா என்ற சுரவரிசையும் நம் மோகனமும் ஒரே ஐந்து சுரங்கள். ஒரே கட்டையில் இருந்தால் நாகசுர மோகன ஆலாபனையிலிருந்து அடிஸ் அபாபாவின் சாக்ஸஃபோனுக்குப் போவதில் ஒட்டு தெரியாது. கிரகபேதமும் (ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றுவது) கைகொடுக்கும். 1 கட்டை மோகனத்தின் காந்தாரம் 3 கட்டை. 3 கட்டையில் பாடிய இந்தோளத்துக்கும் அதே ஐந்து கட்டைகள்தான். ஸட்ஜம் இடம் மாறுவதைக் கேட்பவர் பாதிவழியில்தான் உணர்வார்.

சுருதி சேரவே சேராத இரண்டுக்கு நடுவே ஒரு பாலம் போடலாம்: பறை, உடுக்கை, கஞ்சிரா, மழை, ரயில். மிருதங்கத் தனியைப் பாலமாக்காதீர்கள். அது சுருதி சேர்த்த வாத்தியம். "தாளம்தானே" என்று வைத்தால் வலந்தலை (வலப்பக்கத் தோல்) காட்டிக்கொடுத்துவிடும்.

பீட்மேட்சிங்குக்கு (இரண்டு பாட்டின் தாள அடிகளை ஒன்றாக விழவைப்பது) "தாளப்பொருத்தம்" போதும். ஆனால் அது டிரம் மெஷினில் செய்த பாட்டுக்கு. கச்சேரியிலும் 70களின் பட இசையிலும் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) மூச்சு விடும். மென்பொருள் போடும் தாளக் கட்டம் இரண்டு ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்று) விலகிவிடும். அங்கே பொருத்தப் பார்க்காமல், புதிய பாட்டின் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) பழைய பாட்டின் சமத்தில் விழும்படி ஒரே ஓர் இடத்தைக் கையால் நகர்த்திவைத்தால் போதும்.

லே.

மு. எழுதியது

> தேய்வளர்வு எந்திரம் செய்வது; காதில் நிகழ்வது இழைவு

எதிர்க்கவில்லை. செயலுக்கு ஒன்று, பயனுக்கு ஒன்று. நன்று.

"குறிப்புப் புள்ளி" பற்றி யாரும் பேசவில்லை. அது நோட்டுப் புத்தகத்தில் வைக்கும் புள்ளிபோல் இருக்கிறது. மூங்கிலிலும் கரும்பிலும் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கணு. கியூ பாயிண்ட் = கணு, கியூ ஷீட் (கணுக்களின் நேரத்தை எழுதிய கோப்பு) = கணுப்பட்டியல்.

க. எழுதியது

கணு கச்சிதம். அதை ஓட்டிப் பார்க்க, குறிப்பின் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

"கதம்பத்தை ஒரே ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து, கூடவே கணுப்பட்டியல் வையுங்கள். பாட்டு பாட்டாக வெட்டி எம்பி3 ஆக்கினால், எம்பி3 சட்டகம் (தரவுத் துண்டு) 1,152 மாதிரிகள் கொண்டது என்பதால் முனைகளில் வெற்று ஒலி சேரும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் ஒவ்வொரு தேய்வளர்வின் நடுவிலும் ஒரு விக்கல் கேட்கும்.

"கணுவில் நேரம் நிமிடம், நொடி, சட்டகம் என்று வரும். ஒரு நொடிக்கு 75 சட்டகம், நூறு அல்ல (எம்பி3 சட்டகம் வேறு). 4 நிமிடம் 37.8 நொடி என்பது 04:37:60. அதை 04:37:80 என்று எழுதினால் பட்டியலே செல்லாது. 4 நிமிடம் 37.5 நொடியை 04:37:50 என்று எழுதிவிட்டால் பிழை வெளியே தெரியாமல் கணு நகர்ந்துவிடும். கணுவைத் தேய்வளர்வின் தொடக்கத்தில் வைக்காமல், புதிய பாட்டு மேலோங்கும் இடத்தில் வையுங்கள். தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பட்டியலை யூடிஎஃப்-8இல் சேமிக்கவில்லை என்று பொருள்.

"இறுவட்டில் எழுதுவதானால் 80 நிமிடம் எல்லை. டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் (முழுத் தட்டையும் ஒரே மூச்சில்) எழுதுங்கள். டிராக்-அட்-ஒன்ஸ் பாட்டுகளுக்கிடையே இரண்டு நொடி இடைவெளி போட்டு இழைவைக் கெடுக்கும்."

(இறுவட்டு ச. அண்ணனுக்காக. குறுந்தகடு என்போரும் அப்படியே படித்துக்கொள்க.)

லவுட்னஸுக்குச் "செவியளவு" என்று போட்டிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பத்தி இது: "எல்லாப் பாட்டையும் –14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (செவியளவின் அலகு) ஏற்றாதீர்கள். கச்சேரிப் பதிவு –24இல் இருக்க, அதன் மிருதங்க உச்சம் –3 டெசிபல் என்றால், 10 ஏற்றினால் உச்சம் +7 ஆகி நசுங்கும். சத்தமான பட்டுகளை –18க்கு இறக்குவது எளிது. –9இல் இருக்கும் அண்மைக்காலப் பாட்டு 9 இறங்கினால் ஒன்றும் கெடாது. கச்சேரியை 2, 3 டெசிபல் மட்டும் ஏற்றி, மீதி வேற்றுமையை விட்டுவிடுங்கள். மேற்கவிவில் இரண்டு பாட்டும் கூடுவதால் அந்த இடத்து உச்சத்தில் மட்டும் 3 டெசிபல் இடம் மிச்சம் இருக்கட்டும்."

ச. எழுதியது

செவியளவு சரி. "பட்டுகளை" என்றிருப்பதைப் "பாட்டுகளை" என்று திருத்துங்கோ தம்பி.

ஒன்று மட்டும் சேர்க்கவேணும்: பழைய இசைத்தட்டுகள் பெரும்பாலும் ஒற்றைத்தடம். ஸ்டீரியோ ஊசியால் எடுத்தால் கீறல் இரண்டு பக்கமும் வேறு வேறாக விழும். இரண்டு தடத்தையும் கூட்டி ஒன்றாக்கினாலே கரகரப்புக் கணிசமாகக் குறையும். செவியளவை அதற்குப் பிறகுதான் அளக்கவேணும், முதலில் அளந்தால் கீறலையும் சேர்த்து அளந்ததாகிவிடும்.

பகிர்வது பற்றியும் ஒரு வரி போடுங்கோ. நாலு பேர் கேட்கிற வட்டத்துக்கு வெளியே பொதுத்தளத்தில் ஏற்றினால் உரிமையாளர் கேள்வி வரும், பாட்டை இனங்காணுகிற நிரல் பாதியை ஊமையாக்கியும் விடும். அப்படியான இடத்தில் கணுப்பட்டியலையும் கட்டை விவரத்தையும் மட்டும் போட்டால், பாட்டுகளை வைத்திருப்பவர் தானே கட்டிக்கொள்வார்.

லே. எழுதியது

கணுப்பட்டியலில் கட்டைக்கு இடம் கிடையாதே. "ரெம்" என்று தொடங்கும் வரியைப் பிளேயர்கள் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு கணுவின் கீழும் அந்த வரியில் கட்டை, ராகம், தேய்வளர்வின் நீளம், சமவீச்சா சமவாற்றலா என்று எழுதலாம். க., மாதிரிக்கு ஒரு வரி: "2½ கட்டை, மோகனம், 18 நொடி, சமவாற்றல்." அந்த வரிக்குப் பெயர் வைப்பதை அடுத்த இழையில் பார்ப்போம்.