இணையவழிப் பாடம் நடத்த ஒரு வாரப் பயிற்சி போதுமா?

கணிதப்பித்தன்:
எங்கள் கல்லூரியில் அடுத்த பருவம் இரண்டு தாள்களை முழுக்க இணையவழியில் நடத்தப் போகிறார்கள். பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியாம். அதுவே அதிகம் என்பேன். பாடங்களையும் தேர்வுகளையும் ஏற்றிவைக்கும் ‘மூடுல்’ இணையதளத்தை இயக்கவும் வீடியோ பதிவு செய்யவும் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். இருபது வருடம் கரும்பலகை முன் நின்றவருக்குக் கற்பிக்கவா கற்றுத்தர வேண்டும்? 2020 ஊரடங்கில் பயிற்சி இல்லாமலேதானே எல்லாரும் வகுப்பு எடுத்தோம்?

வேதியியல் ஆசிரியை:
2020ஐ அளவுகோலாக வைக்காதீர்கள் சார். அந்த மார்ச்சிலேயே சார்லஸ் ஹாட்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் ‘எஜுகாஸ் ரிவ்யூ’ என்ற உயர்கல்வித் தொழில்நுட்ப இதழில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அவசரத்துக்கு வகுப்பைத் திரைக்கு மாற்றுவது வேறு, இணையவழிக் கல்வி வேறு. ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை முறையாகத் தயாரிக்கப் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பில் நாம் முகங்களைப் பார்த்தே பாடத்தை மாற்றிக்கொண்டு போகிறோம். மோல் கணக்கில் பின்வரிசை முழித்தால் உடனே இன்னொரு கணக்குப் போடுவோம். பதிவுசெய்த பாடத்தில் அந்த முகம் இல்லை. பிள்ளை எங்கே தடுமாறும் என்று முன்பே யோசித்து, அங்கே ஒரு சிறு வினா வைக்க வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் அது ஏன் தவறு என்று எழுத வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டும் பயிற்சியில் இது வராது.

கணிதப்பித்தன்:
அப்படியானால் என்பிடெல்? ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் 2003இல் தொடங்கிய இலவச இணையப் பாடத் திட்டம் அது. பேராசிரியர் பலகையில் எழுதிப் பேசினார், கேமரா பதிவு செய்தது. இன்றும் பொறியியல் மேற்படிப்புக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகள் அந்த வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் தெளிவாகப் பேசினால் பாடம் நிற்கும்.

வேதியியல் ஆசிரியை:
கேட் எழுதுகிறவருக்கு ஏற்கெனவே அடித்தளம் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. முதலாண்டு பி.எஸ்சி. மாணவியை நினைத்துப் பாருங்கள். என்பிடெல்லும் வீடியோவோடு நிற்கவில்லையே. வாராந்தர ஒப்படைப்பும், கேள்வி கேட்க இடமும், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுமாகச் சான்றிதழ் படிப்புகளைப் பின்னால் கொண்டுவந்தது. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயமில் காணொளி நான்கில் ஒரு பங்குதான். வாசிப்புப் பொருள், சுயமதிப்பீடு, விவாதக் களம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பாடம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிகளின்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கலாம், முன்பு அது 20தான். பொறுப்பு கூடியிருக்கிறது.

தொகுப்பூதியம்:
நான் கௌரவ விரிவுரையாளர். அந்த ஆறு மாத உழைப்புக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று இருவருமே கேட்கவில்லை. எனக்கு வருடத்துக்கு 11 மாதச் சம்பளம்தான். சம்பளம் இல்லாத மே மாதம் முழுக்க உட்கார்ந்து பாடம் தயாரிக்கிறேன் என்று வையுங்கள். அடுத்த வருடம் நான் இல்லாவிட்டாலும் என் வீடியோ ஓடும். பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் பாடத்தை ஒரு குழு தயாரிக்கிறது, மாணவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இங்கே எல்லாம் ஒருவர் தலையில். நேரம் தராத பயிற்சி கூடுதல் சுமைதான்.

வேதியியல் ஆசிரியை:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன் தோழர். வாரத்தில் நான்கு மணி நேர வகுப்பைக் குறைத்துவிட்டுப் பயிற்சி தரச் சொல்லிக் கல்லூரியிடம் மனு கொடுக்க வேண்டும். அதோடு, ஆசிரியர் முதலில் மாணவராக ஒரு இணையப் பாடத்தை முடிக்கட்டும். கேள்வி கேட்டுவிட்டு மூன்று நாள் பதிலுக்குக் காத்திருந்தால்தான் அந்தப் பக்கத்து வலி தெரியும்.

கணிதப்பித்தன்:
வகுப்பு நேரக் குறைப்புக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். பயிற்சியைக் கட்டாயமாக்குவதற்கு மாட்டேன். விரும்புகிறவர் போகட்டும்.

தொகுப்பூதியம்:
விருப்பம் என்று விட்டால் நிரந்தரப் பணியில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார், அந்தத் தாள் எங்களிடம் வந்து விழும் சார். மனுவில் “பாடம் எடுப்பவர் அனைவருக்கும், ஊதியத்துடன்” என்று எழுதுங்கள். வியாழக்கிழமை துறைக் கூட்டத்தில் நான் வாசிக்கிறேன்.